பாதிரியார் விழிக்கும் வரை

1927 அக்டோபர் 11, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். ஏழாம் பக்கத்தைத் தட்டச்சு செய்து முடித்ததும் அடுத்த பக்கத்துக்கு ஒன்பது என்று எண் போட்டுவிட்டேன். கவனித்தபோது அந்தப் பக்கம் ஸ்வேல்பரோ பிரபுவின் கையெழுத்தோடு திரும்பி வந்திருந்தது.

பிரபுவின் செயலாளர் கேப்டன் பர்விஸிடம் ஒப்புக்கொண்டேன்.

"எட்டாம் பக்கம் எங்க, மிஸ் டிம்ஸ்?"

"அப்படி ஒண்ணு கிடையாது சார். எண்ணைத் தப்பாப் போட்டுட்டேன். திருத்திடறேன்."

"திருத்தறதா? பிரபு ஒன்பதுன்னு இருக்கிற பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கார். அவர் போட்ட பிறகு அது ஒன்பதாம் பக்கம்தான். அப்போ எட்டாம் பக்கமும் இருந்தே ஆகணும்."

ஒரு வெற்றுத் தாள் எடுத்து மேலே 8 என்று அடித்தேன். பட்லர் அதை வெள்ளித் தட்டில் வைத்து பர்விஸிடம் நீட்டினார். பர்விஸ் பிரபுவிடம் நீட்டினார். பிரபு படிக்காமல் கையெழுத்திட்டார். அவர் எதையும் படிப்பதில்லை. படிப்பது குமாஸ்தாக்கள் வேலை என்று அவர் குடும்பத்தில் எண்ணம். இதுவரை வந்ததில் பிழையே இல்லாத பக்கம் எட்டாம் பக்கம்தான் என்று பர்விஸ் சொன்னார். பாராட்டா, கண்டிப்பா என்று தெரியவில்லை.

பிரபுவுக்கும் எனக்கும் நடுவே நான்கடி தூரம். ஆனாலும் நான் தாளை நேராக நீட்டக் கூடாது. கேள்வியும் அப்படித்தான்: நான் பர்விஸிடம் கேட்க வேண்டும், பர்விஸ் பிரபுவிடம் கேட்பார். பிரபுவுக்குக் காது நன்றாகக் கேட்கும். இருந்தும் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் பதில் சொல்வார்.

வெண்டில் ஊரின் மாலை வகுப்பில் சுருக்கெழுத்து முதல் தேர்வு முடித்தவள் என்பதால் எனக்கு இந்த வேலை கிடைத்தது. பிரபு தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்வார். நான் எடுத்து, தட்டச்சு செய்ய வேண்டும். ஆறு நாள் ஆகிறது. பிரபு இன்னும் பிறக்கவில்லை. முதல் ஸ்வேல்பரோ பிரபுவிலேயே நிற்கிறோம். அவர் ஒரு பெரிய சண்டை நடந்த நாளில் வயிற்றுவலி என்று படுத்துவிட்டாராம். அவர் படை வராததால் இரண்டு பக்கமும் பிழைத்தது. இரண்டு பக்கமும் நன்றி சொன்னது. ஜெயித்த பக்கம் பட்டம் கொடுத்தது.

"அன்னிக்கு அவர் எழுந்து போயிருந்தா இன்னிக்கு நான் யாரு?" என்றார் பிரபு. நான் எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 13, வியாழன்

பிரபு பிறந்துவிட்டார். மதியத்துக்குள் ராணுவத்தில் சேர்ந்தும் விட்டார். தேர்வில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்: "உங்கப்பா நல்லா இருக்காரா?" நல்லா இருக்கார் என்றதும் அதிகாரி ஆக்கிவிட்டார்கள்.

பிறகு அப்பா இறந்தார். பிரபுக்கள் சபையில் இடம் வந்தது. நாற்பத்தொரு வருடம் சபையில் இருந்திருக்கிறார். அங்கே ஒரு சட்டம் பிடித்திருந்தால் "திருப்தி" என்ற கூடத்துக்கும், பிடிக்காவிட்டால் "திருப்தியில்லை" என்ற கூடத்துக்கும் நடந்து போய் வாக்கை எண்ணச் சொல்ல வேண்டும்.

"ஒரு தடவைகூட மாத்திப் போனதில்ல," என்றார். "எப்பவும் திருப்தியில்லைதான். அந்தப் பக்கம்தான் கணப்பு இருக்கு."

"நீங்களே கொண்டு வந்த சட்டம் ஒண்ணு இருந்துச்சே, மை லார்ட்," என்று பர்விஸ் நினைவூட்டினார்.

"அன்னிக்கு ரொம்பக் குளிர், பர்விஸ்."

அப்படியே எழுதியிருக்கிறேன். கேலியாகத் தொனிக்கிறதோ என்று பயந்து மூன்று முறை படித்தேன். ஒரு சொல்கூட என்னுடையது இல்லை.

மாலை வகுப்பில் அடுப்பு சரியாக எரியவில்லை. கரி அள்ளிப் போடுகிற ஈனாக் டிரான்டர் இரண்டு வாளி கொண்டு வந்ததற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினார். வயது ஐம்பத்தொன்று, பார்த்தால் எழுபது சொல்லலாம். ஓடிப் போய் வாளியை வாங்கினேன்.

"விடு கண்ணு. நெஞ்சுல கரி அடைச்சிருக்கு. இன்னொரு குளிர்காலம் கரி அள்ளினா அதோட சரின்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அப்போ வேலையை விட்டுடுங்களேன்."

"விட்டா இங்க கீழ இருக்கிற அறையும் போயிடும். அப்புறம் ஏழை விடுதிதான். படைவீரர் இல்லத்துக்கு ஆறு தடவை எழுதிப் போட்டுட்டேன். என் பேர்ல ஒரு கறை இருக்குதாம்."

என்ன கறை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 20, வியாழன்

இன்று எடுத்ததை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். என் சுருக்கெழுத்தில் பிழை இருக்குமோ என்று நான்கு முறை சரிபார்த்துவிட்டேன்.

1900. தென்னாப்பிரிக்கப் போர். வெண்டில் படைப்பிரிவுக்குப் பிரபுதான் கர்னல்.

"படைப்பிரிவு நாள் விருந்து," என்று தொடங்கினார். "உலகத்துல எங்க இருந்தாலும் அன்னிக்கு விருந்து நடக்கணும். மதியம் ஒரு மணிக்குக் கூடாரத்துல உட்கார்ந்தோம். இருபத்து மூணு அதிகாரிங்க. வெள்ளிப் பாத்திரமெல்லாம் பதினாறு மாட்டு வண்டியில வந்து சேர்ந்திருந்துச்சு. தோட்டா வண்டி ரெண்டு நாள் பின்னால வந்துட்டிருந்துச்சு. முக்கியமானதுதானே முன்னாடி வரணும்? சூப் வர்ற நேரத்துல ஒரு சிப்பாய் கையில காகிதத்தோட வாசல்ல வந்து நின்னான். ஆத்துத்துறையில பதினஞ்சு பேரைக் காவலுக்குப் போட்டிருந்தேன், அங்கேர்ந்து. நல்ல பையன். வாயைத் திறக்கல. மேசையில அலுவல் பேச்சு கூடாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

நான் முறையை மறந்துவிட்டேன். "நீங்க எழுந்து போய் வாங்கியிருக்கலாமே, மை லார்ட்?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

பட்லர் கையிலிருந்த தட்டு ஆடியது. பிரபு சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பர்விஸ் தொண்டையைச் செருமி, "பிரபு எழுந்து போய் வாங்கியிருக்கலாமேன்னு மிஸ் டிம்ஸ் கேக்கறாங்க, மை லார்ட்," என்றார்.

"கர்னல் எழுந்தா விருந்து முடிஞ்சுதுன்னு அர்த்தம்," என்றார் பிரபு. "மகாராணிக்கு வாழ்த்துச் சொல்லாம விருந்தை முடிக்கிறதா? வாழ்த்துச் சொல்லணும்னா எல்லார் கிண்ணத்துலயும் போர்ட் ஒயின் இருக்கணும். குடுவை இடப்பக்கமாத்தான் சுத்தும், கைக்குக் கை. யார் முன்னாடியாவது நின்னுட்டா, குடுன்னு கேக்கக் கூடாது. கேட்டவன் கனவான் இல்ல. அன்னிக்கு நம்ம பாதிரியார் லாஃப்டஸ் முன்னாடி நின்னுடுச்சு. அவர் தூங்கிட்டார்."

"எவ்வளவு நேரம்னு மிஸ் டிம்ஸ் கேக்கறாங்க, மை லார்ட்." நான் கேட்கவில்லை. பர்விஸாகவே கேட்டார்.

"ஒண்ணே முக்கால் மணி நேரம்!" பிரபுவின் முகம் மலர்ந்தது. "எழுதிக்கோ பொண்ணே. இருபத்து மூணு பேர், ஒருத்தன் கேக்கல! ஆத்துப் பக்கம் துப்பாக்கிச் சத்தம். மேஜர் கண்ணுல தண்ணி கட்டிடுச்சு, அவர் தம்பி அந்தக் காவல்ல இருந்தான். ஆனா குடுவையைக் கேக்கல. எந்த நாட்டுப் படையில இந்த ஒழுங்கு உண்டு? அப்புறம் லாஃப்டஸ் தானா விழிச்சார். குடுவை நகர்ந்துச்சு. மகாராணிக்கு வாழ்த்துச் சொன்னோம். நான் எழுந்தேன். காகிதத்தை வாங்கிப் படிச்சேன். எதிரி மேல்பக்கமா ஆத்தைக் கடக்கிறான், பின்வாங்க அனுமதி வேணும்னு இருந்துச்சு. அந்த நிமிஷமே அனுமதி கொடுத்தேன். தாமதம் எனக்குப் பிடிக்காது."

பிரபு தாமாகவே முடித்தார்.

"அனுமதி போய்ச் சேர்ந்தப்போ ஒன்பது பேர் செத்துக் கிடந்தாங்க. அஞ்சு பேரைக் காணோம். அனுமதி வர்றதுக்கு முன்னாடியே இடத்தை விட்டுட்டாங்கன்னு அவங்க மேல விசாரணை வெச்சேன். எதிரி பிடிச்சுட்டுப் போயிட்டான்னு அப்புறம்தான் தெரிஞ்சது. மன்னிச்சுட்டேன்."

அது 112ஆம் பக்கம். பிரபு கையெழுத்திட்டுவிட்டார்.

வகுப்புக்குப் போனபோது டிரான்டரிடம் கேட்டேன். "உங்க பேர்ல இருக்கிற கறை என்ன?"

அவர் அடுப்புக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "உரிய நேரத்தில் செய்தி சேர்க்கத் தவறியவன். ஆப்பிரிக்காவுல. ஒன்பது பசங்க செத்தாங்க, எல்லாம் இந்த ஊர்ப் பசங்க. கர்னல் அறிக்கையில அப்படித்தான் எழுதினார், செய்தி தாமதமா வந்துதுன்னு. மிஸஸ் ஹோஸ்கின் பையன் அதுல ஒருத்தன். இருபத்தேழு வருஷமா என்னைப் பார்த்தா தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவாங்க."

"நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. பாதிரியார் தூங்கினதால பசங்க செத்தாங்கன்னு ஒரு சிப்பாய் சொன்னா, எவ்வளவு குடிச்சேன்னு கேக்கறாங்க."

நவம்பர் 1, செவ்வாய்

பிரபு சொன்னதை வெளியே சொல்வது சரியா என்று பன்னிரண்டு நாள் யோசித்தேன். இன்று பர்விஸிடம் கேட்டேன்: இந்தப் பக்கத்தைப் படைவீரர் இல்லக் குழு பார்க்கலாமா? மறுப்பார் என்று நினைத்தேன். பிரபுவிடம் சொன்னார். பிரபுவுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. தம் புத்தகத்தை அச்சாகும் முன்பே கேட்க ஆள் வந்துவிட்டதாம். குழுவின் தலைவரும் அவரே.

"வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு. அந்தப் பையனையும் வரச் சொல்லு. ஆமா, அவன் பேர் என்ன?"

"டிரான்டர்னு சொல்றாங்க, மை லார்ட்."

"அப்படியா? நான் பேர் கேட்டதே இல்ல."

நவம்பர் 4, வெள்ளி

கூட்டம் படைவீரர் இல்லத்தில் நடந்தது. குழுவில் மூன்று உறுப்பினர்கள். பிரபு, லாஃப்டஸ், இன்னொரு பிரபு. லாஃப்டஸ் இப்போது தலைமைப் பாதிரியார். மூன்றாமவர் இரண்டு வருடம் முன்பு இறந்துபோனார். அவருடைய இடம் பரம்பரை இடம். வாரிசுக்கு ஆறு வயது. அதனால் அவருடைய நாற்காலி மட்டும் போடப்பட்டிருந்தது. மூவரும் வந்துவிட்டதாகப் பர்விஸ் பதிவு செய்தார்.

டிரான்டர் சலவை செய்த கழுத்துப்பட்டை அணிந்து வந்தார். பிரபு அவரைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"அட, நீதானா! லாஃப்டஸ், பாரு, அன்னிக்கு வாசல்ல நின்னானே! கொஞ்சம்கூட ஆடல இவன்!"

டிரான்டரின் காது சிவந்தது. எனக்கும் நம்பிக்கை வந்தது. 112ஆம் பக்கத்தைப் படித்தேன். பிரபு தம் வாக்கியங்களுக்குத் தாமே தலையசைத்தார்.

"ஒரு திருத்தம்," என்றார் லாஃப்டஸ். "நான் தூங்கல. மகாராணிக்காகக் கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

"குறட்டை விட்டியே, லாஃப்டஸ்."

"அது என் ஜெபத்தோட முறை."

ஜெபம் என்றே பதிவாயிற்று. பிறகு பர்விஸ் பழைய அறிக்கையைப் படித்தார். "செய்தி கொண்டுவந்த சிப்பாய் தாமதமாக வந்தான். இது என் மானத்தின் மேல் ஆணை." தேதி, கையெழுத்து.

"இங்கதான் சிக்கல், மை லார்ட்," என்றார் பர்விஸ். "தாமதமா வந்தான்னு அன்னிக்கு எழுதியிருக்கீங்க. சூப் நேரத்துலயே வந்துட்டான்னு இப்போ சொல்லியிருக்கீங்க."

"ரெண்டையும் என் மானத்து மேலதான் சொன்னேன். பிரபு மானத்து மேல சொன்னா அது உண்மை. ஆக, ரெண்டும் உண்மை."

"இறையியல்ல இதைவிடக் கஷ்டமானதை எல்லாம் தாண்டி வந்திருக்கோம்," என்றார் லாஃப்டஸ். "பிரபு சொன்னதுல முரண்பாடு இருக்க முடியாது. அப்போ முரண்பாடு அந்தச் சிப்பாய்கிட்டதான் இருக்கணும். ஒரே ஆள் ஒரே சமயத்துல சீக்கிரமாவும் வந்திருக்கான், தாமதமாவும் வந்திருக்கான். அது ஒழுங்கீனம்."

அதிர்ச்சியில் தட்டை ஆட்டுவதற்குப் பட்லர் வந்திருக்கவில்லை. அதனால் நான் நேராகவே பேசினேன்.

"மை லார்ட், அவர் அந்தக் காகிதத்தை யார்கிட்ட குடுத்திருக்கணும்?"

பர்விஸ் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்து, "என்கிட்டதான்," என்றார் பிரபு.

"எப்போ?"

"நான் எழுந்ததும்."

"நீங்க எழுந்ததும் குடுத்துட்டாரே."

"குடுத்தான். ஆனா அதுக்குள்ள தாமதமாயிடுச்சு, பாரு." என் மீது அவருக்கு உண்மையிலேயே இரக்கம் வந்ததுபோல் இருந்தது. "சின்னப் பொண்ணு, படை விவகாரம் புரியாது."

"நடுவுல பேசியிருந்தா?"

"மேசையில அலுவல் பேசின குத்தத்துக்குத் தண்டனை கொடுத்திருப்பேன். நல்லவேளை பேசல. அந்த ஒழுங்குக்காகத்தான் இவனை எனக்குப் பிடிக்குது."

அப்போது டிரான்டர் ஓரடி முன்னால் வந்தார். "மை லார்ட், ஒரு நிமிஷம் நான் பேசலாமா?"

அந்த நேரம் பார்த்து இல்லத்துப் பணிப்பெண் தேநீர், ரொட்டி, வெள்ளரித் துண்டுகள் எல்லாவற்றையும் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். பிரபு ஒரு விரலை உயர்த்தினார்.

"தேநீர் வந்துடுச்சு, டிரான்டர்."

டிரான்டர் நிறுத்தவில்லை. "ஜாக் ஹோஸ்கின் பென்சில்ல எழுதினது. 'எதிரி மேல்பக்கம் கடக்கிறான். நாங்கள் பதினாலு பேர். தோட்டா தீரப் போகிறது. பின்வாங்க அனுமதி தயவுசெய்து உடனே.' தயவுசெய்துன்னு போட்டிருந்தான், மை லார்ட். அடியில கோடு கிழிச்சிருந்தான்."

லாஃப்டஸ் ரொட்டித் துண்டை எடுத்து ஓரத்தை வெட்டினார். பர்விஸ் பேனாவை மூடினார். மேசையில் பேசியது பதிவுக்கு வராது.

"பாவம், இத்தனை வருஷம் அடக்கமா இருந்தவன்," என்றார் பிரபு வருத்தத்தோடு. "கடைசில மேசையில பேசிட்டானே."

மனு "கேட்கப்படவில்லை" என்று குறிக்கப்பட்டது. அடுத்த கூட்டம் மார்ச்சில். என்னிடமிருந்து தாளை வாங்கிக் கொடுக்கப் பட்லர் இல்லாததால் 112ஆம் பக்கம் என் கையிலேயே இருந்துவிட்டது.

திரும்பி நடந்தபோது சந்தைத் தெருவில் மிஸஸ் ஹோஸ்கின் எதிரே வந்தார். எங்களைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

நவம்பர் 5, சனி

காலையில் பர்விஸ் ஒரு தாளை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"112ஐ மறுபடி அடிக்கணும், மிஸ் டிம்ஸ். ரெண்டு உண்மை இருக்கிறது புத்தகத்துக்கு நல்லா இல்லைன்னு பிரபு நினைக்கிறார்."

"விருந்தை எடுத்துடறதா சார்?"

"விருந்தா! விருந்துதானே அத்தியாயமே. அந்தச் சிப்பாயை எடுத்துடுங்க. வாசல்ல யாரும் வரல."

அடித்தேன். அதை மறைக்கக் கூடாது. கை சரியாகவே வேலை செய்தது, ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. புதிய பக்கத்தில் குடுவை நிற்கிறது, இருபத்து மூன்று பேர் காத்திருக்கிறார்கள், ஆற்றுத்துறையிலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. பிரபு கையெழுத்திட்டார்.

"பழைய 112 என்கிட்ட இருக்கு சார்," என்றேன். அதையும் மறைக்க வேண்டாம் என்று தோன்றியது.

பர்விஸ் தவித்ததை நான் பார்த்தேன். புதிய 112 கையெழுத்தோடு இருக்கிறது. அது இருக்கும்போது பழையது என்று ஒன்று இருக்க முடியாது. இல்லாத பக்கத்தைத் திருப்பிக் கேட்கும் உத்தரவை அவரால் எப்படித் தர முடியும்?

"அப்படி ஒரு பக்கம் கிடையாது, மிஸ் டிம்ஸ்," என்றார் கடைசியில்.

"சரி சார்," என்றேன்.

மாலையில் டிரான்டரின் அறைக்குப் போனேன். படுத்திருந்தார். அந்தத் தாளை நீட்டினேன். எழுத்தைவிடக் கையெழுத்தையே அதிக நேரம் பார்த்தார்.

"இதை வெச்சு மார்ச்ல மறுபடி கேக்கலாம்," என்றேன். "பத்திரிகைக்கு அனுப்பலாம். லண்டனுக்கு எழுதலாம்."

"மார்ச்சா? எனக்கு மார்ச் இருக்கா, கண்ணு? இல்லம் கிடக்கட்டும். ஏழை விடுதியிலயும் கட்டில் போடறாங்க." தாளைத் திருப்பித் தந்தார். "லண்டன்காரன் யாரும் என்னைப் பார்த்துத் தெருவைத் தாண்டல. ஒன்பது வீடு இருக்கு இந்த ஊர்ல. அவங்களுக்குப் படிச்சுக் காட்ட முடியுமா உன்னால? நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அவர் சொன்னா நம்புவாங்க."

"உங்களைப் பத்தி நல்லதா ஒண்ணும் இல்லையே இதுல. சும்மா நின்னான்னுதான் இருக்கு."

"அது போதும். சூப் நேரத்துல வந்தான்னு இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். ஒன்பது வீட்டிலும் படித்துக் காட்டுகிறேன் என்றும் சொன்னேன். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது. இது சரியா என்று இப்போதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. எங்கள் துணி துவைக்கும் அறைக்கு மேலே இருக்கும் சிறிய அறையில் பழைய பெட்டிகள்தான் கிடக்கின்றன. அம்மாவிடம் கேட்டேன், காலி செய்யலாம் என்றாள். டிரான்டரிடம் இன்னும் சொல்லவில்லை.

நாளை ஞாயிறு. தட்டச்சுப் பொறி பூட்டியிருக்கும். 112ஆம் பக்கத்தை ஒன்பது பிரதி கையால் எழுத வேண்டும். தேவாலயம் விட்டதும் முதலில் மிஸஸ் ஹோஸ்கின் வீடு.